சீன மேல்நிலைப்பள்ளி மாணவர்களின் ஆங்கில வாசிப்புப் புரிதல்: தெரிந்த சொற்களும் பிடிபடாத பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலப் பாடத்துக்குரிய 150 மதிப்பெண்களில் மூன்றில் ஒரு பங்கு வாசிப்புப் புரிதலுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இப்பகுதியில் மாணவர் இடர்ப்படுவதற்குச் சொல்வளக் குறைவே காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. சொல் தெரிந்திருந்தும் பொருள் பிடிபடாத நிலையே பெருஞ்சிக்கல் என்றும், அந்நிலை சீன, ஆங்கிலத் தொடரமைப்புகளின் வேறுபாட்டாலும் வாசிக்கும் பனுவல்களின் அளவுக் குறைவாலும் விளைகிறது என்றும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ப் பெயரெச்சத் தொடரின் அமைப்பு இவ்விளக்கத்துக்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: வாசிப்புப் புரிதல், காவ்காவ் தேர்வு, பெயரெச்சத் தொடர், சொற்குடும்பம், ஆழ்ந்த வாசிப்பு, விரிந்த வாசிப்பு.

முன்னுரை

சீனாவில் பல்கலைக்கழகக் கல்விக்கான வாயில் 'காவ்காவ்' எனப்படும் தேசிய நுழைவுத் தேர்வாகும். பண்பாட்டுப் புரட்சி தொடங்கிய 1966இல் நிறுத்தப்பட்ட இத்தேர்வு 1977ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் நடத்தப்பட்டது. அப்போது ஏறத்தாழ 57 இலட்சம் பேர் எழுதினர். இடம் பெற்றோர் ஏறத்தாழ 2.7 இலட்சம் பேர். 2024இல் இத்தேர்வுக்குப் பதிவு செய்தோரின் எண்ணிக்கை 1 கோடியே 34 இலட்சத்தைத் தாண்டியது. இடங்கள் பன்மடங்கு பெருகிவிட்டன. எனினும் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கான போட்டி தணியவில்லை. மாகாணத் தரவரிசையில் ஒரே மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், நிற்கும் நிலையில் ஒரு வினாவின் விடை ஒருவரது வாழ்க்கைப் போக்கையே திருப்பிவிடக்கூடும்.

இத்தேர்வில் அயல்மொழிக்குரிய இடம் படிப்படியாகவே உருவானது. 1978இல் அயல்மொழி மதிப்பெண் பார்வைக்கு மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. பட்டப்படிப்புச் சேர்க்கைக்கு 1979இல் அம்மதிப்பெண்ணின் 10 விழுக்காடும், 1980இல் 30, 1981இல் 50, 1982இல் 70 விழுக்காடும் கணக்கில் கொள்ளப்பட்டன. 1983 முதல் முழு மதிப்பெண்ணும் சேர்க்கப்பட்டது. நாடெங்கும் ஆங்கில ஆசிரியர் போதாத காலத்தில் ஊர்ப்புற மாணவருக்கு அநீதி நேராதிருக்க எடுக்கப்பட்ட ஏற்பாடாக இதனைக் கருதலாம். இன்று சீனமொழி, கணிதம், அயல்மொழி ஆகிய மூன்றும் தலா 150 மதிப்பெண் கொண்டவை. ஆங்கிலம், ரஷ்யன், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என்னும் ஆறனுள் ஒன்றை மாணவர் தேர்ந்துகொள்ளலாம். மிகப் பெரும்பாலோர் எழுதுவது ஆங்கிலமே. ஆங்கிலத்தில் பின்தங்கிய மாணவர் சிலர் அண்மைக் காலத்தில் ஜப்பானியத்துக்கு மாறுகின்றனர். ஜப்பானிய எழுத்துமுறையில் சீன எழுத்துருக்கள் கலந்திருப்பதால், மொழி அறியாத நிலையிலும் பக்கத்தைப் பார்த்ததும் ஓரளவு பொருள் தோன்றும். ஆங்கிலப் பக்கம் இவ்வுதவியைத் தருவதில்லை.

வினாத்தாளில் வாசிப்பு

புதிய முறைத் தேசிய வினாத்தாளில் 120 நிமிடங்களில் கேட்டல், வாசித்தல், மொழிப்பயன்பாடு, எழுதுதல் என நான்கு பகுதிகளுக்கு விடையளிக்க வேண்டும். வாசிப்புப் பகுதியில் முதலில் நான்கு பனுவல்கள் உள்ளன. முதலாவது பெரும்பாலும் அறிவிப்பு, பயணக் குறிப்பு போன்ற தகவற் பனுவல். அடுத்து வருவன வாழ்க்கை நிகழ்ச்சி, அறிவியற் செய்தி, கருத்து விளக்கம் ஆகியன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சொற்கள் கொண்டது. நான்குக்கும் சேர்த்து 15 பல்தெரிவு வினாக்கள். வினா ஒன்றுக்கு 2.5 மதிப்பெண். இவற்றின்பின் 'ஏழில் ஐந்து' எனப்படும் வினா வருகிறது. ஒரு பனுவலில் ஐந்து வாக்கியங்கள் நீக்கப்பட்டு, கொடுக்கப்பட்ட ஏழு வாக்கியங்களிலிருந்து உரியவற்றை உரிய இடத்தில் அமைக்க வேண்டும். இதற்கு 12.5 மதிப்பெண். ஆக மொத்தம் 50.

இவ்வினாத்தாள் மேலோட்டமானதன்று. செய்தியைக் கண்டறிதல், குறிப்பாற் பொருளறிதல், அறியாத சொல்லின் பொருளைச் சூழலிலிருந்து ஊகித்தல், பத்தியின் மையக்கருத்தைத் தெளிதல், ஆசிரியரின் மனப்பாங்கை உணர்தல் எனப் பலவகைத் திறன்களை அது சோதிக்கிறது. 'ஏழில் ஐந்து' வினாவுக்கு விடையளிக்க ஒரு வாக்கியம் அடுத்ததோடு எவ்வாறு பிணைகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஆகவே குறை தேர்வில் மட்டுமே உள்ளது என்று சொல்லி ஒதுங்க இயலாது.

சீன மாணவர் வாசிப்பில் பொதுவாகவே பின்தங்கியோர் என்று கொள்வதற்கும் இடமில்லை. 15 வயதினருக்கான 2018ஆம் ஆண்டின் பிசா மதிப்பீட்டில் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, செஜியாங் ஆகிய நான்கு பகுதிகளின் மாணவர் தாய்மொழி வாசிப்பில் 555 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் நின்றனர். (இந்நான்கும் வளம் மிக்க பகுதிகள், முழுச் சீனாவின் அளவுகோலாக இவற்றைக் கொள்ளலாகாது.) தாய்மொழியில் நுட்பமாக வாசிப்பவர் அயல்மொழியில் தடுமாறுவது ஏன்? அயல்மொழி வாசிப்பில் தோன்றுவது வாசிப்புச் சிக்கலா, மொழிச் சிக்கலா என்னும் வினாவை சார்லஸ் ஆல்டர்சன் 1984இல் எழுப்பினார். அயல்மொழி அறிவு ஒரு குறைந்த அளவை எட்டும்வரை தாய்மொழி வாசிப்புத் திறன் அங்கே வந்து துணைசெய்வதில்லை என்னும் 'வாயிற்படிக் கருதுகோள்' இவ்விவாதத்தில் வலுப்பெற்றது. சீன மாணவருக்கு அவ்வாயிற்படி எங்கே உள்ளது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சொல்லின் கணக்கு

2017ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளிவந்து 2020இல் திருத்தம் பெற்ற மேல்நிலைப்பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டம், நுழைவுத் தேர்வை எழுதும் மாணவர் ஏறத்தாழ 3000 சொற்களை அறிந்திருக்க வேண்டும் என்கிறது. இவற்றுள் 1500 நடுநிலைப்பள்ளியிலேயே கற்கப்பட்டவை. மறுபுறம், எழுதப்பட்ட இயல்பான ஆங்கிலப் பனுவலில் 98 விழுக்காட்டுச் சொற்களை அறிந்துகொள்ள 8000 முதல் 9000 வரையிலான சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். பிறர் துணையின்றிப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு வேண்டும் என்பது ஹூவும் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. 100 சொற்களில் இரண்டு மட்டுமே புதியனவாக இருத்தல் வேண்டும் என்பது இதன் பொருள்.

தேர்வுப் பனுவல்கள் ஆங்கில நாடுகளின் இதழ்களையும் நூல்களையும் தழுவிச் சுருக்கப்படுவதால் சொற்களின் கடுமை ஓரளவு குறைக்கப்படுகிறது. எனினும் இடைவெளி முழுதும் நிரம்புவதில்லை. இவ்விடைவெளியை ஸ்பானிய மாணவர் எளிதிற் கடக்கிறார். இலத்தீன் வேரிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் அவர் தாய்மொழியிலும் சிறு மாற்றத்துடன் உள்ளன. சீன மாணவருக்கு அத்தகைய உறவுச் சொற்கள் இல்லை என்றே கூறலாம். மேலும் சீனத்தில் உயர்நிலைக் கலைச்சொற்களும் எளிய சொற்களின் கூட்டாகவே அமைகின்றன. கணினி அங்கே 'மின் மூளை'. தொடர்வண்டி 'தீ வண்டி'. குழந்தை மருத்துவம் 'குழந்தைத் துறை'. ஒரு சொல்லை முதன்முறை காணும்போதே அதன் உறுப்புகள் பொருளைக் காட்டிவிடுகின்றன. கலைச்சொல்லைத் தன் வேர்களிலிருந்து ஆக்கிக்கொள்ளும் தமிழ் மரபை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. ஆங்கிலத்திலோ குழந்தையைக் குறிக்கும் 'சைல்ட்' என்னும் சொல்லுக்கும் குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் சொல்லுக்கும் வெளித்தெரியும் உறவில்லை. உறுப்புகளைக் கொண்டு பொருளைக் காணும் சீன மாணவரின் பழக்கம் இங்கே பயன்படாமற் போகிறது.

இவை யாவும் அறியாத சொற்களைப் பற்றியன. அறிந்த சொற்கள் விளைவிக்கும் இடர் இதனினும் ஆழமானது. சீன ஆசிரியர்கள் இதற்கு 'ஷூட்ஸ் ஷெங்யி' என்று ஒரு பெயரே வைத்துள்ளனர்: பழகிய சொல், பழகாத பொருள். 'புக்' என்றால் நூல் என்று பத்து வயதில் கற்றவர், அது முன்பதிவு செய்தலைக் குறிக்கும் வினையாக வரும்போது திகைக்கிறார். 'அட்ரஸ்' முகவரி, அதுவே சிக்கலொன்றை எடுத்துத் தீர்க்க முனைதலையும், கூட்டத்தில் உரையாற்றுதலையும் குறிக்கும். சொற்பட்டியலில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சீனப் பொருளை எழுதி மனப்பாடம் செய்யும் முறை நாடெங்கும் உள்ளது. அப்பட்டியலின்படி இச்சொல் 'தெரிந்த சொல்' எனக் குறிக்கப்பட்டுவிடுகிறது. அறியாத சொல்லைக் கண்டால் மாணவர் நின்று ஊகிக்கிறார். அறிந்த சொல் என்று எண்ணுவதைக் கண்டால் நிற்பதேயில்லை. பிழையான பொருளோடு பத்தி முடிவுவரை செல்கிறார்.

பெயருக்கு முன்னும் பின்னும்

சீனத்தின் அடிப்படைத் தொடர் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசையில் அமைவது, ஆங்கிலமும் அவ்வாறே. 'நான் உண்கிறேன் சோறு' என்பதே இரண்டிலும் உள்ள வரிசை. தமிழ் மாணவர் ஆங்கிலத்தின் முதல் பாடத்திலேயே வரிசை மாற்றத்தை எதிர்கொள்கிறார். சீன மாணவர்க்கு அத்தகைய அதிர்ச்சி தொடக்கத்தில் இல்லை. சிறு வாக்கியங்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டே சில ஆண்டுகள் கடந்துவிடலாம். மேல்நிலைப்பள்ளியில் நீண்ட வாக்கியம் வரும்போதே அவ்வழி அடைபடுகிறது.

அடைபடும் இடம் பெயரை விளக்கும் தொடராகும். தமிழில் 'நான் வாங்கிய நூல்' என்போம். 'வாங்கிய' என்னும் பெயரெச்சம் தன் உறுப்புகளுடன் பெயருக்கு முன்னே நிற்கும். சீனத்திலும் இதுவே முறை: நான், வாங்கு, 'த' என்னும் இடைச்சொல், நூல். பெயரெச்ச விகுதியின் பணியை அவ்விடைச்சொல் செய்கிறது. வினைக்குப் பின் செயப்படுபொருளை வைக்கும் மொழிகளில் இவ்வாறு விளக்கத் தொடர் பெயருக்கு முன்னே வருவது உலக அளவில் மிக அரிது. இவ்வகையில் சீனம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே அணுக்கமானது. ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விளக்கம் பின்தொடரும்.

ஓர் எடுத்துக்காட்டு: 'சென்ற வாரம் இதழாசிரியர் வெளியிட்ட கடிதத்துக்குரிய சிறுவனுக்குப் பாடம் சொல்லித்தந்த பெண் பரிசை மறுத்தார்.' தமிழில் நீளமாயினும் தெளிவான தொடர் இது. சீனமும் ஏறத்தாழ இவ்வரிசையிலேயே இதனைக் கூறும். ஆங்கிலத்தில் இது பின்வருமாறு அமையும்: 'த உமன் ஹூ டாட் த பாய் ஹூஸ் லெட்டர் தி எடிட்டர் பப்ளிஷ்ட் லாஸ்ட் வீக் ரெஃப்யூஸ்ட் த பிரைஸ்.' இதில் ஒரு சொல்லும் கடினமானதன்று. எல்லாமே பாடத்திட்டத்தின் தொடக்கநிலைச் சொற்கள். எனினும் மறுத்தவர் யார் என்று வினவினால், இதழாசிரியர் என்னும் விடை எளிதில் வந்துவிடும். 'மறுத்தார்' என்னும் வினைக்கு அருகில் உள்ள ஆட்பெயர் அதுவே. 'பெண்' என்னும் எழுவாய் 11 சொற்களுக்கு முன்னரே வந்துபோனது. பெயரைக் கண்டதும் அதன் விளக்கம் முடிந்துவிட்டது என்று கொள்வது சீனம் வாசித்துப் பழகியவரின் இயல்பு. ஆங்கிலத்திலோ பெயரைக் கண்ட பின்னரே விளக்கம் தொடங்குகிறது. பல்தெரிவு வினாவின் தவறான விடைகளுள் ஒன்று பெரும்பாலும் இத்தகைய மயக்கத்தைக் கருதியே அமைக்கப்படுகிறது.

இணைப்புச் சொற்களிலும் இதனை ஒத்த ஒரு நுட்பம் உண்டு. சீனத்தில் 'சுய்ரான்' என்று ஒரு தொடரைத் தொடங்கினால், அடுத்த தொடரில் 'தான்ஷி' வருவது வழக்கம்: 'இருந்தபோதிலும்', 'ஆனால்' என இரண்டும் இணையாக நிற்கும். ஆங்கிலம் இவற்றுள் ஒன்றையே ஏற்கும். எழுதும்போது சீன மாணவர் இரண்டையும் இடுவது ஆசிரியர் அனைவரும் அறிந்த பிழை. வாசிக்கும்போது நேர்வதை எவரும் சிவப்பு மையால் திருத்துவதில்லை. கருத்து திரும்பும் இடத்தில் 'ஆனால்' இல்லாதபோது அத்திருப்பம் கண்ணில் படாமலே போகலாம். ஆசிரியரின் மனப்பாங்கைக் கேட்கும் வினாக்கள் இத்திருப்பங்களையே சார்ந்துள்ளன.

சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை என்பதும், அவன், அவள், அது மூன்றுக்கும் ஒலியளவில் 'தா' என்னும் ஒரே சொல்லே வழங்குகிறது என்பதும் இங்குக் குறிக்கத்தக்கன. இவற்றால் வாசிப்பில் நேரும் இழப்பு மேற்கூறியவற்றை நோக்கச் சிறியது.

பின்புல அறிவு

பனுவலின் பொருள் தாளில் மட்டும் இல்லை. வாசிப்பவர் முன்பே கொண்டுள்ள அறிவோடு சேர்ந்தே அது உருவாகிறது. ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியரும் அமெரிக்கரும் ஓர் இந்தியத் திருமணத்தையும் ஓர் அமெரிக்கத் திருமணத்தையும் விவரிக்கும் கடிதங்களை வாசித்தனர். தத்தம் பண்பாட்டுக் கடிதத்தை அவரவர் விரைந்து வாசித்தனர். மிகுதியாக நினைவிற் கொண்டனர். காவ்காவ் தேர்வின் பனுவல்கள் பலவும் ஆங்கில நாடுகளின் வாழ்க்கையை அடியாகக் கொண்டவை. தன்னார்வத் தொண்டு, வார இறுதி முகாம், வட்டார நூலகம், வீட்டுத் தோட்டம் ஆகியன ஷாங்காய் மாணவருக்குப் பயணத்தாலோ திரைப்படத்தாலோ அறிமுகமாகியிருக்கலாம். உள்நாட்டு மாவட்டமொன்றின் விடுதியில் தங்கிப் பயிலும் மாணவருக்கு அவ்வாய்ப்பு குறைவு. 2001 முதல் நகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும், அதன்பின் ஏனைய இடங்களிலும் தொடக்கப்பள்ளி ஆங்கிலம் புகுத்தப்பட்டபோது, ஊர்ப்புறங்கள் ஆசிரியர் பற்றாக்குறையுடனேயே அதனை எதிர்கொண்டன. ஒரே வினாத்தாள் இருவர்க்கும் ஒரே கடுமை உடையதாக இருப்பதில்லை.

வகுப்பறையில் வாசிப்பு

சீன ஆங்கிலக் கல்வியில் 'ஜிங்தூ', 'ஃபான்தூ' என இருவகை வாசிப்பு பேசப்படுகிறது. முன்னது ஒரு சிறு பனுவலை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து ஆராயும் ஆழ்ந்த வாசிப்பு. பின்னது பல பனுவல்களைப் பொருள் நோக்கி விரைந்து செல்லும் விரிந்த வாசிப்பு. வகுப்பறையில் முன்னதே ஆட்சி செய்கிறது. தேர்வுக்கு அஞ்சும் மனப்பான்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறுவது சீனக் கல்வி மரபை அறியாமையாகும். குறைவாக எடுத்துக்கொண்டு, பலமுறை ஓதி, மனத்தில் ஊறவைத்துச் சிந்திக்க வேண்டும் என்பது 12ஆம் நூற்றாண்டின் அறிஞர் சூ ஷி வகுத்த வாசிப்பு முறை. பல நூற்றாண்டுகள் கற்றோரை உருவாக்கிய முறையும் அதுவே. மேற்காட்டிய நீண்ட வாக்கியத்தைப் பிரித்தறிய ஜிங்தூ இன்றியமையாதது. அதனைக் கைவிடச் சொல்லும் அறிவுரை பயன் தராது.

ஆனால் சூ ஷியின் மாணவர் தாம் பேசும் மொழியோடு உறவுடைய பனுவலை ஓதினர். அயல்மொழிச் சொல்லோ பல சூழல்களில் பலமுறை எதிர்ப்பட்டாலன்றித் தன் முழுப்பொருளைக் காட்டாது. இதற்கு அளவு வேண்டும். பாடத்திட்டமே இதனை உணர்ந்து, பாடநூலுக்கு வெளியே கட்டாயப் பாடக் கட்டத்தில் வாரத்துக்கு 1500 சொற்களும் மொத்தம் 45,000 சொற்களும், அடுத்த கட்டத்தில் வாரத்துக்கு 2500 சொற்களும் மொத்தம் 1,00,000 சொற்களும் குறையாமல் வாசிக்க வேண்டும் என்று வரையறுத்துள்ளது. இரண்டும் சேர்ந்து 1,45,000 சொற்கள். நடுத்தர அளவுள்ள இரண்டு ஆங்கில நாவல்களின் நீளம்.

இவ்வரையறையிலும் ஒரு விடுபாடு உள்ளது. ஒரு வினாத்தாளின் நான்கு பனுவல்களும் சேர்ந்து ஏறத்தாழ 1200 சொற்கள். வாரத்துக்கு இரண்டு மாதிரி வினாத்தாள்களைச் செய்யும் மாணவர் எண்ணிக்கை அளவில் 2500 சொற்களை நெருங்கிவிடுகிறார். கணக்கு நிறைவேறுகிறது, வாசிப்பு நிகழ்வதில்லை. ஒரு பனுவல் பனிப்பாறையைப் பற்றியது, அடுத்தது ஓவியக் கண்காட்சியைப் பற்றியது, அதற்கடுத்தது தேனீயைப் பற்றியது. ஒன்றில் கண்ட அரிய சொல் மற்றொன்றில் திரும்ப வருவது அரிது. ஒரே கதையிலோ ஒரே ஆசிரியரின் நூலிலோ சொற்கள் தாமே மீண்டும் மீண்டும் வரும். பத்துப் பக்கங்கள் கடந்தபின் நடை பழகிவிடும். 300 சொற்களில் முடிந்துபோகும் பனுவல் பழகுமுன்னரே விடைபெற்றுவிடுகிறது.

இறுதியாண்டு முழுமையுமே பெரும்பாலான பள்ளிகளில் மீள்பார்வைக்கு உரியது. அப்போது வினாக்கள் வகைபிரிக்கப்பட்டு ஒவ்வொரு வகைக்கும் ஓர் உத்தி கற்பிக்கப்படுகிறது: வினாவை முதலில் பார், அதன் மையச் சொல்லைப் பனுவலில் தேடு, முற்றுமுடிவான சொற்கள் உள்ள விடையை ஒதுக்கு, பத்தியின் முதல் வாக்கியத்தில் மையக்கருத்தைத் தேடு. செய்தியைக் கண்டறியும் வினாக்களில் இவை கைகொடுக்கின்றன. பனுவலை முழுமையாக வாசித்தாலன்றி விடை காணவியலாத வினாக்களில் இவற்றால் பயனில்லை. உயர் மதிப்பெண் பெறுவோரையும் ஏனையோரையும் பிரிப்பவை அவ்வினாக்களே. 56 பேருக்கு மேற்பட்டதைப் 'பெரிய வகுப்பு' என்று கல்வித்துறையே பெயரிட்டுக் குறைக்க முயன்றுவரும் நாட்டில், ஒவ்வொரு மாணவரும் எங்கே இடறினார் என்று கேட்டறிய ஆசிரியருக்கு நேரமில்லை. சரியான விடையின் எழுத்தைக் கரும்பலகையில் எழுதி, காரணம் சொல்லி, அடுத்த வினாவுக்குச் செல்வதே இயல்வது. தவறான விடைக்கு இட்டுச்சென்ற வாசிப்பு எது என்பது மாணவரிடமே தங்கிவிடுகிறது.

தேர்வை மாற்றிக் கற்பித்தலை மாற்றுதல்

தேர்வைச் சீர்திருத்தினால் வகுப்பறை தானே சீர்படும் என்னும் நம்பிக்கை சீனாவில் பழமையானது. குவாங்சோ அயல்மொழி நிறுவனத்தைச் சேர்ந்த குய் ஷிச்சுன், லி ஷியாவ்ஜு ஆகியோர் வடிவமைத்த புதிய ஆங்கில நுழைவுத் தேர்வு 1985இல் குவாங்டாங் மாகாணத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இலக்கண விதியிலிருந்து மொழிப்பயன்பாட்டுக்குக் கற்பித்தலைத் திருப்புவதே அதன் நோக்கம். இருபது ஆண்டுகளுக்குப் பின் சி லூஷியா 2005இல் வெளியிட்ட ஆய்வு, அத்திருப்பம் எதிர்பார்த்தவாறு நிகழவில்லை என்று காட்டியது. தேர்வு வடிவமைப்போர் மொழிப்பயன்பாட்டை எண்ணினர். ஆசிரியரும் மாணவரும் மதிப்பெண்ணை எண்ணினர். சேர்க்கைக்கான தேர்வு என்னும் அதன் இயல்பே கற்பித்தலை மாற்றும் அதன் ஆற்றலுக்குத் தடையாயிற்று.

அண்மைய முயற்சி 'வாசித்துத் தொடர்ந்து எழுதுதல்' என்னும் வினா. குவாங்டாங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் வாங் சூமிங் முன்வைத்த கோட்பாட்டை அடியொற்றி 2016 அக்டோபரில் செஜியாங் மாகாணத் தேர்வில் இது முதன்முதல் இடம்பெற்றது. ஏறத்தாழ 350 சொற்கள் கொண்ட முடிவுறாத கதை ஒன்று தரப்படும்; ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் கொடுக்கப்பட்டிருக்க, மாணவர் இரு பத்திகளில் கதையை முடிக்க வேண்டும். 25 மதிப்பெண். கதைமாந்தரின் இயல்பையும் நடையையும் உள்வாங்காமல் இதனை நன்கு செய்ய இயலாது. வாசிப்பை விடைதேடலிலிருந்து மீட்கும் தகுதி இவ்வினாவுக்கு உண்டு. ஆயின் அச்சம், மகிழ்ச்சி, கண்ணீர், மறையும் கதிரவன் ஆகியவற்றை வருணிக்கும் ஆயத்த வாக்கியங்களின் தொகுப்புகளும் உடனே புழக்கத்துக்கு வந்துவிட்டன. எந்தக் கதைக்கும் பொருந்தும் வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் குறித்த ஒரு கதையைக் கூர்ந்து வாசிக்கத் தேவையில்லை.

வாசிப்பு மதிப்பெண் எத்துணை உணர்வுக்குரியது என்பதை அதே செஜியாங் 2018இல் காட்டியது. ஆண்டுக்கு இருமுறை ஆங்கிலத் தேர்வு எழுதி உயர்ந்த மதிப்பெண்ணைக் கொள்ளலாம் என்பது அங்குள்ள சீர்திருத்தம். அவ்வாண்டு நவம்பர்த் தேர்வு கடினமாக அமைந்துவிட்டதால், முந்தைய தேர்வோடு சமன்செய்யும் பொருட்டு வாசிப்பு, மொழிப்பயன்பாட்டுப் பகுதிகளின் சில வினாக்களுக்கு மதிப்பெண் மாற்றியளிக்கப்பட்டது. பெற்றோரும் மாணவரும் கடுமையாக எதிர்த்தனர். டிசம்பர்த் தொடக்கத்தில் மாகாண அரசு அம்முறையை நீக்கி, தேர்வில் பெற்ற மூல மதிப்பெண்ணையே அறிவித்தது. வினாக்களின் கடுமையைச் சமன்செய்வது அளவீட்டியலில் ஏற்கத்தக்க நடைமுறை. முன்னறிவிப்பின்றிச் செய்ததே இழுக்காயிற்று. வாசிப்பின் ஒவ்வொரு வினாவும் இத்தகைய கூர்ந்த கண்காணிப்புக்கு உட்பட்டிருக்கும் சூழலில், ஆசிரியர் எவரும் பாடவேளையை நாவல் வாசிப்புக்கு விட்டுக்கொடுக்கத் தயங்குவது இயல்பே.

அத்தயக்கத்தைக் கடக்க முதலாண்டே தக்க காலம். நடுநிலைப்பள்ளியை முடித்து வருபவர் ஏறத்தாழ 1500 சொற்களை அறிந்திருக்கிறார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகமும் பெய்ஜிங்கின் அயல்மொழிக் கற்பித்தல் ஆராய்ச்சிப் பதிப்பகமும் சேர்ந்து வெளியிடும் 'புத்தகப்புழு' வரிசை சீனக் கடைகளில் எளிதிற் கிடைப்பது. அதன் மூலமான ஆக்ஸ்போர்டு வரிசையில் மூன்றாம் படிநிலை 1000 தலைச்சொற்களுக்குள்ளும், நான்காம் படிநிலை 1400 தலைச்சொற்களுக்குள்ளும் எழுதப்பட்டவை. முதலாண்டு மாணவருக்கு இந்நூல்களில் புதிய சொல் மிகக் குறைவு. 98 விழுக்காடு என்னும் அளவு இங்கே எளிதில் எட்டப்படுகிறது. மூன்றாம் படிநிலை நூல் ஒன்று ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்டது. இத்தகைய நான்கைந்து நூல்கள் கட்டாயக் கட்டத்தின் 45,000 சொற்களை நிரப்பிவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவ்வரிசையின் சீனப் பதிப்பு இருமொழிப் பதிப்பு. சீன மொழிபெயர்ப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போது களைத்த கண் அங்கேயே செல்லும். அவ்வாறு சென்றால் ஆங்கிலத் தொடரில் பெயருக்குப் பின்வரும் விளக்கத்தைப் பின்தொடரும் பயிற்சி கிட்டாது. மொழிபெயர்ப்பை அத்தியாயம் முடிந்தபின் மட்டும் பார்ப்பது, வாரத்துக்கு ஒரு பாடவேளையை வினாத்தாளின்றி வாசிப்புக்கு ஒதுக்குவது, அவ்வேளையில் இடறிய வாக்கியம் ஒன்றை மாணவரே எழுதித் தரச்செய்து அதனை மறுநாள் ஜிங்தூ முறையில் பிரித்துக் காட்டுவது ஆகியன 50 பேர் உள்ள வகுப்பிலும் இயல்பவை. அப்போது ஆசிரியரின் கைக்கு வருவது வினாத்தாள் தேர்ந்த வாக்கியமன்று. அம்மாணவர் தாமே தட்டுத்தடுமாறிய வாக்கியம்.